பழைய குடும்பக் காரின் நியாய விலை: வேலூர் – ஆம்பூர் தோல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

ஒருவர் வாங்கி ஓட்டிய காரை மற்றொருவர் வாங்கும்போது, இரு தரப்பும் முழு விவரம் அறிந்து, எந்த நெருக்கடியும் இன்றி ஒப்புக்கொள்ளும் தொகையே அந்தக் காரின் நியாய விலை எனப்படும். இந்தியாவில் இத்தொகையைக் கணக்கிடும் முறை கடந்த எழுபது ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது. ஒரு காலத்தில் பழைய கார் புதிய காரைவிடக் கூடுதல் விலைக்குப் போனது. இன்று ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே மதிப்பு குறையத் தொடங்குகிறது. இக்கட்டுரை பின்புறம் தனி டிக்கி கொண்ட செடான் வகைக் குடும்பக் கார்களை எடுத்துக்கொண்டு அந்த மாற்றத்தை விவரிக்கிறது. களமாக வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களைக் கொண்ட தோல் தொழில் வட்டாரம் கொள்ளப்படுகிறது.

தோல் மண்டி கற்றுத்தந்த பாடம்

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வட்டாரத்துக்கு விலை பேசுவதில் நீண்ட பழக்கம் உண்டு. வேலூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையில் உள்ள பொய்கையில் செவ்வாய்க்கிழமை தோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. தமிழக மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் கைகளின் மேல் துண்டைப் போட்டு மறைத்து, விரல்களைத் தொட்டு விலை பேசுவது பழைய வழக்கம். அருகில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. ஒரு மாட்டுக்குப் பேசிய விலை அடுத்த மாட்டுக்கு முன்மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

தோல் வணிகத்தில் சிக்கல் வேறு வகையானது. உப்பிட்டுப் பாதுகாத்த பச்சைத்தோல் மண்டிக்கு வரும்போது அதன் மேல் மயிர் மூடியிருக்கும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், ஆறிய புண்ணின் தடம் ஆகியவற்றில் பெரும்பகுதி அப்போது கண்ணுக்குத் தெரியாது. தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிரை நீக்கிய பிறகுதான் மேற்பரப்பின் உண்மை நிலை வெளிப்படும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். ஆகவே பச்சைத்தோல் வாங்குபவர் தோல் எந்தப் பகுதியிலிருந்து வந்தது, யார் அனுப்பியது, சென்ற முறை அதே ஆளின் சரக்கு எப்படி இருந்தது என்பவற்றையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுகிறார். பதனிட்டு முடித்த தோல் சதுர அடிக் கணக்கில், தரம் பிரித்து விற்கப்படுகிறது. அங்கே குறை கண்ணுக்குத் தெரிவதால் விலையும் தெளிவாக இருக்கிறது.

பழைய கார் பச்சைத்தோலைப் போன்றது. பெயிண்ட் பளபளக்கும், கிளட்ச் எவ்வளவு தேய்ந்துள்ளது, டிங்கரிங் வேலை எங்கே நடந்தது என்பது தெரியாது. விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த வேறுபாட்டைப் பொருளியல் கோட்பாடாக வகுத்தவர் அமெரிக்கரான ஜார்ஜ் அக்கர்லோஃப். 1970ஆம் ஆண்டு வெளிவந்த அவரது கட்டுரை பழைய கார் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. முன்னதாகச் சில ஆய்விதழ்கள் அதை ஏற்க மறுத்திருந்தன. 2001ஆம் ஆண்டு மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் சேர்த்து அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவரது வாதத்தை எளிய கணக்கில் சொல்லலாம். ஒரே ஆண்டு, ஒரே மாடல் கார்களில் பாதி நல்லவை, பாதி பழுதானவை எனக் கொள்வோம். நல்லதன் மதிப்பு 4 லட்சம் ரூபாய், பழுதானதன் மதிப்பு 2 லட்சம் ரூபாய். எது எது என்று தெரியாத வாங்குநர் சராசரியாக 3 லட்சம்தான் தர முன்வருவார். தன் கார் நல்லது என்று அறிந்த உரிமையாளர் அந்த விலைக்கு விற்க மாட்டார். காரை வீட்டிலேயே வைத்துக்கொள்வார் அல்லது உறவினருக்குக் கொடுப்பார். சந்தையில் பழுதானவை மிஞ்சும். இதை உணர்ந்த வாங்குநர் தன் விலையை மேலும் குறைப்பார். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நல்ல கார்கள் விளம்பரத்துக்கு வருமுன்னரே மைத்துனர், பங்காளி, அலுவலக நண்பர் என்று கைமாறிவிடுவதாகச் சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

புதியதைவிடப் பழையது விலை கூடிய காலம்

சுதந்திரத்துக்கு முன்பு ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் முதலிய அயல்நாட்டு நிறுவனங்கள் பாகங்களைக் கொண்டுவந்து இந்தியாவில் கார்களைப் பூட்டி விற்றன. உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்று 1950களின் தொடக்கத்தில் அரசு முடிவெடுத்ததும் அவை வெளியேறின. மிஞ்சியவை மூன்று. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரைத் தயாரித்தது. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஃபியட் காரைத் தயாரித்தது. அதுவே பின்னாளில் பத்மினி எனப் பெயர் பெற்றது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு காரைத் தயாரித்தது.

எத்தனை கார் செய்யலாம் என்பதை உரிமம் தீர்மானித்தது. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ் 1959இல் கார் பகிர்வு மற்றும் விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. பதிவு செய்தவர் வரிசையில் நிற்க வேண்டும். ஃபியட்டுக்கான காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. புதிய காரைப் பெற்றவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அனுமதியின்றி விற்கக் கூடாது என்ற தடையும் இருந்தது. வாங்கிய மறுநாளே கூடுதல் விலைக்கு விற்றுவிடுவார்கள் என்ற அச்சம் இல்லாவிட்டால் இப்படி ஒரு தடைக்குத் தேவையே இருந்திருக்காது.

1969இல் அரசு கார்களின் விலையை நிர்ணயித்தபோது உற்பத்தி நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகின. வழக்கின் போக்கில் விலையை ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் எதிர் இந்திய ஒன்றியம் என்ற அவ்வழக்கில் 1971 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு காரின் உற்பத்திச் செலவு, முதலீட்டுக்குரிய வருவாய், இடையில் ஏறும் மூலப்பொருள் விலை ஆகியவற்றைக் கணக்கிட்டு “நியாயமான விற்பனை விலை” காண்பது எப்படி என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே வரி வரியாக ஆராய்ந்தது. கார் விலையில் நியாயம் என்ற சொல் இந்திய சட்ட வரலாற்றில் அழுத்தமாகப் பதிந்த இடம் இது எனலாம்.

ஆனால் அந்த நியாயம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டது. வரிசையில் காத்திருக்க முடியாத மருத்துவருக்கும் டேனரி முதலாளிக்கும் தேவைப்பட்டது இன்றைக்கே கிடைக்கும் கார். ஆகவே இரண்டு மூன்று ஆண்டு ஓடிய ஃபியட், அரசு நிர்ணயித்த புதிய கார் விலையைத் தாண்டி விற்றது. வாங்குபவர் இரும்புக்குக் கொடுத்த விலையோடு காத்திருப்புக்கும் சேர்த்து விலை கொடுத்தார். அன்றைய கணக்கில் தேய்மானம் என்ற சொல்லுக்கே பெரிய இடமில்லை. விலைக் கட்டுப்பாடு 1970களின் நடுப்பகுதியில் விலக்கப்பட்டபோதும், உரிமம் நீடித்ததால் பற்றாக்குறை நீங்கவில்லை.

இதே பற்றாக்குறை புது வடிவில் 1983இல் தலைகாட்டியது. அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. முன்பணம் கட்டிக் காத்திருந்தோர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஒதுக்கீட்டுக் கடிதமே பிரீமியம் வைத்துப் பேசப்படும் பொருளாயிற்று. 1990இல் வந்த மாருதி 1000 அந்நிறுவனத்தின் முதல் செடான். அதற்கும் இதே நிலைதான்.

தமிழ்நாட்டுக் காரான ஸ்டாண்டர்டின் கதை எதிர்த்திசையில் ஓடியது. 1985இல் அந்நிறுவனம் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000 ஆடம்பர செடானாக விளம்பரப்படுத்தப்பட்டது. எரிபொருளை அதிகம் குடிக்கிறது என்ற புகார் எழுந்தது. 1980களின் இறுதியில் உற்பத்தி நின்றது. உதிரிபாகத்துக்கு அலைய வேண்டிய காரை, அது எவ்வளவு நன்றாக ஓடினாலும், யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள்.

தேய்மானம் வந்தது

1993இல் கார் தொழிலுக்கு உரிமம் பெற வேண்டிய கட்டாயம் நீக்கப்பட்டது. அடுத்த ஆறு ஆண்டுகளில் மாருதி எஸ்டீம், தேவூ சியலோ, ஃபோர்டு எஸ்கார்ட், ஓப்பல் ஆஸ்ட்ரா, ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் ஆக்சென்ட், ஃபோர்டு ஐகான் என்று செடான்கள் வரிசையாக வந்தன. இவற்றில் ஆக்சென்ட் இருங்காட்டுக்கோட்டையிலும் ஐகான் மறைமலை நகரிலும் தயாரானவை. பணம் இருந்தால், அல்லது வங்கிக் கடன் கிடைத்தால், சில நாட்களில் புதிய கார் வீட்டு வாசலில் நிற்கும் என்ற நிலை வந்தது. காத்திருப்புக்கு விலை இல்லாமல் போனதும் பழைய கார் முதல் முறையாகப் பழைய காரின் விலைக்கு இறங்கியது. 1980களில் ஃபியட்டை விற்று லாபம் பார்த்த தலைமுறைக்கு இது அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

பிற நாடுகளில் இந்தச் சிக்கல் முன்பே எழுந்திருந்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் கார் வணிகரான லெஸ் கெல்லி 1926இல் ‘புளூ புக்’ என்ற விலைக் கையேட்டை வெளியிட்டார். பிரிட்டனில் 1933 முதல் ‘கிளாஸ் கையேடு’ வந்தது. மாடல், ஆண்டு, ஓடிய தூரம் ஆகியவற்றைக் கொண்டு விலையைப் பார்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. மெக்கானிக்கின் வாய்ச்சொல், புரோக்கரின் அனுபவம், ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வரி விளம்பரம் ஆகியவையே கையேடு. மாருதி 2001இல் ‘ட்ரூ வேல்யூ’ என்ற பெயரில் பழைய கார் விற்பனையைத் தொடங்கியதும், பின்னர் கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற இணைய நிறுவனங்கள் 2015இல் தோன்றியதும் விலையை எழுத்தில் பார்க்கும் பழக்கத்தைப் பரவலாக்கின.

ஆயினும் பொதுமக்கள் கையில் அதற்கு முன்பே ஓர் அரைகுறைக் கையேடு வந்து சேர்ந்திருந்தது. 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் காப்பீட்டு விகித அட்டவணை, காப்பீட்டாளர் அறிவிக்கும் மதிப்பைக் கணக்கிட ஒரு தேய்மான வரிசையைத் தந்தது. 6 மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 சதவீதம் கழிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இவ்வட்டவணையில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. சதவீதத்தை உரிமையாளர் அன்று கொடுத்த விலையிலிருந்து கழிப்பதில்லை. காப்பீடு தொடங்கும் அல்லது புதுப்பிக்கும் நாளில் அந்த மாடலுக்கு உற்பத்தியாளர் அறிவித்துள்ள விலையிலிருந்து கழிக்க வேண்டும். “நான் ஒன்பது லட்சம் போட்டு எடுத்தேன்” என்று விற்பவர் தொடங்குவது வழக்கம். அந்த ஒன்பது லட்சத்தில் சாலை வரி, பதிவுக் கட்டணம், முதல் ஆண்டு இன்சூரன்ஸ், சீட் கவர் எல்லாம் அடங்கியிருக்கும். நியாய விலைக்கு அது தொடக்கப்புள்ளி ஆகாது. இன்று அதே காரோ அதற்கு நிகரான காரோ ஷோரூமில் என்ன விலை என்பதிலிருந்துதான் கணக்கு தொடங்க வேண்டும்.

காருக்கு வெளியே நடப்பவை

ஒரு கார் அசையாமல் வீட்டில் நின்றாலும் அதன் விலை மாறும் என்பதற்கு டீசல் செடான் நல்ல சான்று. 2010 ஜூனில் பெட்ரோல் விலை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது, டீசல் விடுவிக்கப்படவில்லை. இரண்டுக்கும் இடையிலான விலை இடைவெளி விரிந்தது. ஆம்பூரிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடும் ஏற்றுமதி நிறுவன அலுவலருக்கு டீசல் டிசையர் லாபமாகத் தெரிந்தது. பழைய டீசல் காருக்கும் மதிப்புக் கூடியது. 2014 அக்டோபரில் டீசல் விலையும் விடுவிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. பத்து ஆண்டுக்குள் ஒரே எஞ்சின் வகை ஏறியும் இறங்கியும் போனது.

டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாய ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் அத்தகைய தடை இல்லை. அங்கே ஓட முடியாத கார் இங்கே ஓடும் என்பதால், டெல்லிப் பதிவெண் கார்கள் மலிவு விலையில் தென் மாநிலங்களுக்கு வரத் தொடங்கின.

நிறுவனம் வெளியேறுவதும் அப்படியே. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரில் பிறந்த ஃபியஸ்டாவும் குஜராத்தின் சானந்தில் பிறந்த ஆஸ்பயரும் அந்த அறிவிப்புக்கு முதல் நாள் எப்படி ஓடினவோ அப்படியேதான் மறுநாளும் ஓடின. பழுது பார்ப்பும் உதிரிபாகமும் தொடரும் என்று நிறுவனம் உறுதியளித்தது. இருந்தும் விலை பேசும்போது வாங்குபவர் கையில் ஒரு துருப்புச்சீட்டு கிடைத்துவிட்டது.

எல்லைப்புற மாவட்டத்தின் தனிச்சிக்கல்

வேலூர்ப் பகுதிக்கு ஒருபுறம் ஆந்திரம். நெடுஞ்சாலையில் மேற்கே போனால் கர்நாடகம். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது; ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. வட்டாரத்துச் சாலைகளில் வேலூரின் டி.என். 23, ராணிப்பேட்டையின் டி.என். 73, வாணியம்பாடியின் டி.என். 83 ஆகிய பதிவெண்களோடு கர்நாடக, ஆந்திரப் பதிவெண்களும் கலந்தே தென்படும்.

பெங்களூரில் விற்கும் கார் பார்வைக்கு மலிவாக இருக்கும். ஆனால் வேற்று மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் பெற வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு முந்தைய பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டின் ஆயுள் வரியும் கட்ட வேண்டும். இவ்வரி 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டது. புதிய காருக்கு 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும். வேறு மாநிலத்தில் கட்டிய வரியில் மிஞ்சியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு அலைய நேரமும் பொறுமையும் வேண்டும். மலிவு என்று எண்ணி 40 ஆயிரம் மிச்சம் பிடித்தவர், வரியிலும் அலைச்சலிலும் அதைக் கொடுத்துவிட்டு நிற்பதுண்டு.

கடலோர நகரங்களிலிருந்து வரும் காரில் துருவைத் தேட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் ஆகியவற்றில் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. சென்னைக் காரை வாங்குபவர் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்துச் சேற்றுக்கறை தெரிகிறதா எனவும், சீட்டின் அடித்தண்டவாளத்திலும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு உள்ளதா எனவும் கவனிப்பது நல்லது. நீரில் மூழ்கிய காரின் மின்கம்பிகள் பல மாதம் கழித்தே தொல்லை தரத் தொடங்கும். வேலூரின் கோடைக்கேற்ப ஏ.சி. எப்படிக் குளிர்விக்கிறது என்பதை மாலையில் பார்ப்பதைவிட நண்பகலில் பார்ப்பது பயன் தரும்.

2025: ஒரு மாதத்தில் இரண்டு அடிகள்

அண்மைக்கால வரலாற்றில் இவ்வட்டாரத்துக்கு மிக முக்கியமான ஆண்டு 2025. ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்களின் மீது அமெரிக்கா விதித்த இறக்குமதித் தீர்வை 50 சதவீதமாக உயர்ந்தது. ஏற்றுமதியை நம்பிய தோல், காலணி ஆலைகள் கவலையில் ஆழ்ந்தன. செப்டம்பர் 22 அன்று சிறு கார்களுக்கான ஜி.எஸ்.டி. குறைக்கப்பட்டது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் கார்களுக்குக் கூடுதல் தீர்வை உட்பட 29 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதமாயிற்று.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். வரி உட்பட 8 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையுள்ள சிறு செடான் ஒன்றில், நிறுவனம் வரிக்குறைப்பை முழுமையாக விட்டுக்கொடுத்தால், புதிய விலை சுமார் 7 லட்சத்து 32 ஆயிரம். அதே மாடலில் ஆறு ஆண்டு ஓடிய காருக்கு ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் 15 சதவீதம் கழித்து வந்தால், மிஞ்சுவது ஏறத்தாழ 37.7 சதவீதம். பழைய வரிக் காலத்தில் இது 3 லட்சத்து 2 ஆயிரம். வரிக்குறைப்புக்குப் பின் 2 லட்சத்து 76 ஆயிரம். கார் ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. 26 ஆயிரம் ரூபாய் போய்விட்டது.

15 சதவீதம் என்பது வருமான வரிக் கணக்கில் கார்களுக்கு வழங்கும் தேய்மான விகிதம். கடுமையான கணக்குதான். நன்றாக விலைபோகும் மாடலுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் கழித்தால் போதும் என்று கொண்டால், ஆறாண்டில் 46 சதவீதம் மிஞ்சும். மேற்கண்ட காருக்கு 3 லட்சத்து 40 ஆயிரம் வரும். ஆக, பேச்சு நடக்க வேண்டிய எல்லை 2.76 லட்சத்துக்கும் 3.40 லட்சத்துக்கும் இடைப்பட்டது. நான்கு டயர்களும் மாற்ற வேண்டியிருந்தால் அதன் செலவு, பேட்டரி, டிங்கரிங், காலாவதியாகும் இன்சூரன்ஸ் ஆகியவற்றை மேலெல்லையிலிருந்து கழிக்கலாம். முழு சர்வீஸ் பதிவேடும் ஒரே உரிமையாளரும் இருந்தால் கீழெல்லைக்கு இறங்க வேண்டியதில்லை. கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்பிக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதைத் திருத்துவது எளிது. சர்வீஸ் ரசீதுகளில் தேதியோடு எழுதப்பட்ட கிலோமீட்டர் அளவை ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

வேலைக்கு ஆபத்து வருமோ என்று அஞ்சும் குடும்பம் காரை விற்க அவசரப்படும். அதே வேளையில் புதிய காரின் விலை இறங்கிக்கொண்டிருக்கும். ஒரே மாத இடைவெளியில் இரண்டும் நிகழ்ந்ததால், 2025இன் இலையுதிர் காலத்தில் விற்க நேர்ந்தவரின் நிலை கடினமானது. “அண்ணே, கடைசி விலை சொல்லுங்க” என்று கேட்பவர் 2 லட்சத்துக்கு அந்தக் காரை எடுத்துவிட்டால் அவர் கெட்டிக்காரர் எனப்படுவார். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பொருளில் அது நியாய விலை ஆகாது. ஒரு தரப்பு நெருக்கடியில் இருந்தது.

அதே ஆண்டு ஜனவரி 16 முதல் பழைய கார் வணிகர்களுக்கான ஜி.எஸ்.டி. எல்லா வகைக் கார்களுக்கும் 18 சதவீதம் என ஒரே சீராக்கப்பட்டது. தனிநபர் தன் காரை விற்றாலும் இந்த வரி உண்டு என்ற தவறான செய்தி அப்போது வேகமாகப் பரவியது. பதிவு பெற்ற வணிகர், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டுமே இதைக் கட்டுகிறார். வித்தியாசம் 40 ஆயிரம் என்றால் வரி 7,200 ரூபாய். ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்துக்கு நேரடியாக விற்கும்போது இது கிடையாது. வணிகரிடம் வாங்கும் காரின் விலை சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு அவரது பழுதுபார்ப்புச் செலவும் உத்தரவாதமும் காரணம் ஆகலாம். இந்த வரி ஒன்றே காரணம் என்று சொன்னால் கணக்குக் கேட்கலாம்.

பதினைந்தாம் ஆண்டு

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. ஆகவே 13, 14 ஆண்டு வயதுள்ள செடானின் விலையில் இந்தப் புதுப்பிப்புச் செலவையும், பசுமை வரியையும், சோதனைக்கு முன் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பையும் கழித்தே பேச வேண்டும். இந்த வயதில் சதவீதக் கணக்கு உதவாது. எஞ்சின் நிலையும் உதிரிபாகம் கிடைப்பதும்தான் விலை.

விலை பேசி முடிந்த பிறகு

2009இல் பின்னோக்கி எடுக்கப்பட்ட ஒரு கார் மோதி உயிரிழப்பு நேர்ந்தது. அதற்குள் அந்தக் கார் பல கைகள் மாறியிருந்தது, ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் முதலில் விற்றவரின் பெயரே இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றது. காரை விபத்துக்கு முன்பே விற்றுவிட்டேன் என்ற வாதம் எடுபடவில்லை. இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

எனவே விற்பவருக்குப் பெயர் மாற்றமும் விலையின் ஒரு பகுதியே. படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டுத் தேதி எழுதாமல் புரோக்கரிடம் கொடுத்துவிடும் வழக்கம் இன்றும் உள்ளது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடனில் வாங்கிய காரானால் வங்கியின் சான்றும் படிவம் 35உம் இல்லாமல் உரிமை முழுமையாகாது. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். உரிமை கோராமைக்கான தள்ளுபடி விற்றவரோடு போய்விடும் என்பதால் அடுத்த ஆண்டுத் தவணை கூடும். இடைத்தரகர்களின் பொறுப்பை வரையறுக்கும் விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் காரை ஒப்படைத்து அதை இணையத்தில் முறைப்படி தெரிவித்துவிட்டால், கார் அவர் வசம் இருக்கும் காலத்தில் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் இல்லாத தரகரிடம் சாவியைக் கொடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர் 5 ஆயிரம் கூடுதலாகத் தருகிறேன் என்று சொன்னாலும், பெயர் மாறும் நாள் வரை விற்பனைத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து எழுதி வாங்கிக்கொள்ளும் வாங்குநரே விற்பவருக்கு மேல்.